கடைசி பெஞ்சுக்குப் போகாத தட்டு

தட்டு என் கையை விட்டுப் போய்விட்டது. மாசிலாமணி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, முழங்கால் வலியை முகத்தில் காட்டாமல் திரும்பி, முதல் பெஞ்சுக்கு நடக்கிறார். சபையின் மூத்த உதவிக்காரர், என்னைவிட இரண்டு வயது பெரியவர், தட்டை இளையவர்களிடம் கொடுங்கள் என்றால் கோபித்துக்கொள்வார். இனி எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. ஜெபித்தாயிற்று, திருவிருந்து அப்பத்தைப் பிட்டாயிற்று. தட்டு சுற்றிவிட்டு வரும்வரை இந்த மேஜைக்குப் பின்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். போதகர் தியானத்தில் இருக்கிறார் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள். பாவம், முப்பத்தெட்டு வருடமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் இந்தக் கால் மணி நேரத்தில் நான் தியானித்ததைவிட, ஓரக்கண்ணால் பெண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சைப் பார்த்ததுதான் அதிகம். இன்றும் பார்க்கிறேன். ஜன்னலோரம், தலையில் முக்காடு, மடியில் யாருடைய குழந்தையோ. ஹெப்சிபா. என் மனைவி. எட்டு பெஞ்சில் ஆறாவது வரைதான் தட்டு போகும். ஏழும் எட்டும் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்காதவர்களுக்கு: பிள்ளைகள், விருந்தாளிகள், இப்போதுதான் விசாரிக்க ஆரம்பித்தவர்கள். அப்புறம் போதகரின் சம்சாரம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஒருமுறை இதைப் பார்த்துவிட்டால் மத்தியானச் சாப்பாட்டின்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், இலையைப் பார்த்தே சாப்பிடுவார்கள்.

இன்று கடைசி. அடுத்த மாதம் இந்த நாற்காலியில் வேறொருவர். காலையில் அங்கி மாட்டும்போதே மாசிலாமணி கண் கலங்கிவிட்டார், ஐயா நீங்க இல்லாத பந்திய எப்படிங்க பாக்கறது என்றார். பார்ப்பீர்கள் மாசிலாமணி, எல்லாம் பழகிவிடும், எனக்கே எத்தனையோ பழகிவிட்டதே. இது மட்டும் பழகவில்லை. முதல் பெஞ்சு முடிந்தது. எங்கள் சபையில் அப்பத்தை வாங்கியவுடன் யாரும் வாயில் போடுவதில்லை. உள்ளங்கையில் வைத்துக் காத்திருப்பார்கள். தட்டு திரும்பி வந்து, கடைசியாகப் போதகர் எடுத்துக்கொண்டு, புசியுங்கள் என்று சொன்ன பிறகு எல்லோரும் சேர்ந்து புசிப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் அது. பணக்காரன் கையும் கூலிக்காரி கையும் ஒரே அளவு துண்டோடு ஒரே மாதிரி காத்திருக்கும். இதைப் பற்றி நான் எத்தனை பிரசங்கம் செய்திருக்கிறேன். ஒரே அப்பம், ஒரே சரீரம் என்று மேஜையைத் தட்டித் தட்டிப் பேசியிருக்கிறேன். பேசும்போதெல்லாம் அந்த அப்பத்தை முந்தின நாள் பிசைந்து சுட்டவள் எட்டாவது பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ஆமாம், அதுவும் அவள்தான். கோதுமை மாவு, தண்ணீர், வேறொன்றும் கிடையாது. சனிக்கிழமை மூன்று மணிக்கு அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டுப் பிசைவாள். வட்டமாக இட்டு, பிட்டால் நேராகப் பிரிவதற்குக் கத்தி முனையால் கோடு போடுவாள். ஓரத்தில் கருகிய துணுக்குகளை எடுத்துக் கொல்லையில் காக்கைக்குப் போடுவாள். ஒரு துணுக்கைக்கூட வாயில் போட்டுப் பார்க்க மாட்டாள். வெந்திருக்கிறதா என்று விரலால் அழுத்தித்தான் பார்ப்பாள். நேற்றும் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். வயது அறுபத்தெட்டு, ஊருக்கே போதகர், சொந்த வீட்டு அடுப்படியில் மனைவி ஒரு துண்டு வாயில் போடுவாளா என்று திருட்டுத்தனமாக எட்டிப் பார்க்கிறேன். போடவில்லை.

கல்லுமேட்டுக்கு நாங்கள் வந்தபோது இந்தக் கட்டடத்துக்குக் கூரை ஓடுதான். சேலத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரம் பஸ், அதற்கப்புறம் நடை. முப்பது பேர் சபை. இன்று நூற்றெழுபது. ஊழிய அறிக்கையில் போட்டிருக்கிறார்கள், போதகர் யோபு கருணாகரன் நானூறு பேருக்குமேல் ஞானஸ்நானம் கொடுத்தார், ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டினார், காலனிக்குச் சுடுகாட்டுப் பாதை வாங்கித் தந்தார், பஞ்ச காலத்தில் கஞ்சித்தொட்டி நடத்தினார். நான்தான் செய்தேனாம். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நின்றது நான், ஒப்புக்கொள்கிறேன். நிற்பதற்கு எனக்கு நன்றாக வரும். ஆனால் கஞ்சித்தொட்டிக்குப் பின்னால் நின்று கரண்டி பிடித்தவள் யார்? பிரசவ வலியெடுத்த பெண்ணை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்குப் பறந்தபோதெல்லாம் பின்சீட்டில் அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்டு போனவள் யார்? அந்த நானூறு பேரில் எழுத்து வாசனை இல்லாதவர்கள் பாதி. அவர்களை உட்கார வைத்து வசனம் சொல்லிக் கொடுத்து, சபையார் முன் சாட்சி சொல்லப் பயந்தவர்களுக்குத் தைரியம் கொடுத்து, வெள்ளை உடை தைத்து, ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து ஏறி வரும்போது துண்டோடு நின்றது எல்லாம் ஹெப்சிதான். அவள் தயார் செய்தவர்கள் ஒவ்வொருவராக ஏழாவது பெஞ்சிலிருந்து எழுந்து முன்னால் போய் உட்கார்ந்தார்கள். எங்கள் மகள்கூடப் பதினாறு வயதில் போனாள். ஹெப்சி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தாள். இரண்டாவது பெஞ்சு முடிந்துவிட்டது. மின்விசிறி கிறீச்சிடுகிறது. எண்ணெய் விடச் சொல்லி ஒரு மாதமாகிறது.

அவள் ஞானஸ்நானம் எடுக்கமாட்டேன் என்று சொன்னவள் அல்ல. இதைத்தான் என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. உதவிக்காரர்கள் கூடிப் பேசி மூன்று முறை என்னிடம் கேட்டார்கள். ஐயா, அம்மாவ எப்பங்க தண்ணியில எறக்கப் போறீங்க, எங்களுக்கும் ஆசையா இருக்குதுங்க என்று மாசிலாமணி எவ்வளவு பதமாகக் கேட்டார். காத்திருக்கிறேன் என்றேன். என்னமோ அவள் மனம் திரும்பக் காத்திருப்பதுபோல. ஹெப்சி சாயர்புரத்துப் பக்கம். அவள் அப்பா அங்கே வேறு சபையில் உபதேசியார், போதகருக்குக் கீழே வேதபாடம் நடத்துகிறவர். அங்கே குழந்தைக்கே நெற்றியில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். எங்களுக்கு அது கணக்கில் வராது. வளர்ந்து, விசுவாசித்து, வாயால் அறிக்கை செய்து, முழுக்க மூழ்கி எழ வேண்டும். கல்யாணமான முதல் மாதமே அவள் தன் கதையைச் சொன்னாள். அவள் பிறந்தபோது அம்மாவுக்கு ஜன்னி. பிள்ளையும் தாங்காது என்றார்களாம். அவர்கள் ஐயர் என்று அழைக்கும் போதகரைக் கூட்டிவர நேரமில்லை. பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகறத நான் கண்ணால பாக்கணும் என்று அந்த அம்மாள் கேட்க, உபதேசியார் கட்டில் பக்கத்திலிருந்த டம்ளரில் தண்ணீர் எடுத்துத் தானே கொடுத்திருக்கிறார். ஹெப்சிபா என்று பேர் சொன்னதும் அந்த அம்மாள் சிரித்தாளாம். அன்று சாயங்காலம் போய்ச் சேர்ந்துவிட்டாள். எங்க அம்மா என்னைப் பாத்தது அதோட சரி என்றாள் ஹெப்சி. இருந்தும், நீங்க கேக்கிய, உங்க சபைல நான் ஒத்துமையா இருக்கணும்லா, ரெண்டாவது தடவையும் எடுக்கேன் என்றாள். எவ்வளவு பெரிய மனசு அது. இருபத்துநான்கு வயதுப் பெண்ணுக்கு. எனக்கு அப்போது முப்பது, வாய் நிறைய வேதசாஸ்திரம்.

மூன்றாவது பெஞ்சு. அந்த நாளுக்குப் போகாதே என்று மனதுக்குச் சொல்கிறேன், அது மாடு மாதிரி பழகின தடத்திலேயே போகிறது. நாங்கள் இங்கே வந்த முதல் வருடம், மே மாதம். பிரசங்க பீடத்துக்கு முன்னால் பலகைகளைத் தூக்கித் தொட்டியைத் திறந்து, விடியற்காலையிலிருந்து மோட்டார் போட்டு நிரப்பியிருந்தோம். ஏழு பேர். கடைசியாக ஹெப்சி. அவள் அப்பா பஸ் பிடித்து வந்து முதல் பெஞ்சில், அதோ மாசிலாமணி இப்போதுதான் கடந்துபோன அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். மகள் மறுபடி ஞானஸ்நானம் எடுப்பதைப் பார்க்க வந்த மனிதர். அவர் செய்ததை அவர் கண்ணெதிரே நான் அழிக்கப் போகிறேன் என்று தெரிந்தும், மகளுக்காக, இஸ்திரி போட்ட ஜிப்பாவில் வந்திருந்தார். ஹெப்சி வெள்ளை உடையில் தொட்டியின் இரண்டாவது படியில் நின்றாள். முழங்கால்வரை தண்ணீர். நான் கையை நீட்டிக் கூப்பிட வேண்டியதுதான். கூப்பிடவில்லை. ஜனங்கள் நிரம்பி உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு வாய் ஊறிவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு பிரசங்கம் பண்ணினேன். இதோ என் மனைவியையே உதாரணமாகப் பாருங்கள் என்றேன். டம்ளர் கதையைச் சொன்னேன். அவள் என்னிடம் தனியாக, என் தோளில் முகம் வைத்துச் சொன்னதை, அத்தனை பேருக்கும் முன்னால். அது ஞானஸ்நானம் அல்ல, பயந்துபோன ஒரு தகப்பன் பிள்ளை நெற்றியைத் துடைத்தது, அவ்வளவே என்றேன். நல்ல வாக்கியம் என்று சொல்லும்போதே தோன்றியது. ஆமென் என்றார்கள், பலமாக. ஹெப்சி தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி ஜிப்பா நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பிப் படியேறிவிட்டாள். ஈரம் சொட்டச் சொட்ட நடைபாதையில் நடந்து போய் எட்டாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் என்ன செய்தேன்? முடிவுப் பாட்டைப் பாடச் சொன்னேன். அன்று மத்தியானம் அவள்தான் பரிமாறினாள். உபதேசியார் என் இலையைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் சோறு வையி என்றார். அதற்குமேல் அந்த மனிதர் சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நாலாவது. இந்த ஊரில் எவ்வளவு பேருக்கு நான் சமாதானம் பண்ணி வைத்திருக்கிறேன். அண்ணன் தம்பியை, மாமியார் மருமகளை, வரப்புத் தகராறில் வெட்டிக்கொள்ளப் போனவர்களை. மன்னிப்பு கேட்பது எப்படி என்று வகுப்பே எடுத்திருக்கிறேன். நானும் கேட்டேன், கேட்காமல் இல்லை. அது நடந்து ஒரு வருடம் கழித்து, கிணற்றடியில், அவள் துணி பிழிந்துகொண்டிருந்தபோது, அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது ஹெப்சி, மன்னிச்சிரு என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பேசின விதத்துக்கு மன்னிப்பு கேக்கியளா, பேசினதுக்கே கேக்கியளா என்றாள். கோபம் இல்லை அந்தக் குரலில், உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். விதத்துக்கு என்றால் அது பாதி மன்னிப்பு. பேசினதுக்கே என்றால், அந்த டம்ளர் தண்ணீர் ஞானஸ்நானம்தான் என்றாகிவிடும். அப்படியானால் நான் யார்? அதே மாதிரி குழந்தையில் தெளிக்கப்பட்டு வந்த எத்தனை பேரை அது செல்லாது என்று சொல்லி மூழ்க வைத்திருக்கிறேன். இவளுக்கு மட்டும் செல்லும் என்றால் என் மனைவி என்பதாலா? இந்த இடத்தில்தான் எப்போதும் மாட்டிக்கொள்கிறேன். புத்தகங்களை எடுத்துப் புரட்டினால் நான் சொன்னது சரி. கிரேக்க மூலத்தைப் பார்த்தாலும் சரி. ஒரு வரியில்கூடத் தப்பில்லை. ஆனால் சாகிற தாய் கட்டிலில் சிரித்தாளே, அவள் எதைப் பார்த்துச் சிரித்தாள்? நெற்றியைத் துடைத்ததையா? அவள் பார்த்தது என்ன என்று அவளுக்குத் தெரியாதா, எனக்குத்தான் தெரியுமா? இது சரி அது சரி என்று சுற்றிச் சுற்றி வந்து, அவள் துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனது வரைக்கும் நான் கிணற்றடியிலேயே நின்றேன். இன்னும் அங்கேதான் நிற்கிறேன் போலிருக்கிறது.

அவள் அப்பம் வாங்குவதை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். உபதேசியார் இறந்து பதினோராவது நாளோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை, அவள் சாயர்புரத்துக் கோயிலுக்குப் போனாள். எனக்குத் தலைவலி என்று சொல்லி அங்கே மாமனார் வீட்டிலேயே இருந்துகொண்டேன். அப்புறம் மனது கேட்காமல் பின்னாலேயே போய், கோயில் பக்கவாட்டுக் கதவோரம் நின்றேன். முன்னால் கம்பித் தடுப்புக்கு முன் பெண்கள் வரிசையாக முழங்காலில் நின்றார்கள். அவளும் நின்றாள். வலது உள்ளங்கையை இடது உள்ளங்கைமேல் வைத்து நீட்டினாள். யாரோ ஒரு ஐயர், என் பிள்ளை வயதிருக்கும், பேர்கூட எனக்குத் தெரியாது, அவள் கையில் வைத்துவிட்டு அடுத்தவளுக்குப் போனார். ஒரு விநாடி வேலை. அவள் குனிந்து கையிலிருந்தே வாயில் எடுத்தாள். அவள் பின்னங்கழுத்து தெரிந்தது. எனக்கு அந்த ஐயர்மேல் வந்த பொறாமை இருக்கிறதே, வேறு ஆண்பிள்ளை அவளைத் தொட்டிருந்தால்கூட அப்படி வந்திருக்காது. என் கை, இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் அப்பம் பிட்டுக் கொடுத்த கை, சொந்த மனைவிக்கு ஒரு துண்டு கொடுத்ததில்லை. அன்றைக்கே உள்ளே போயிருக்கலாம். பக்கத்தில் மண்டியிட்டிருக்கலாம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வீட்டுக்குப் போய், தைலம் தடவிக்கொண்டு படுத்துவிட்டேன். அவள் வந்து, தலைவலி தேவலையா என்று கேட்டாள்.

ஐந்து முடிந்து ஆறு. ஆறாவது பெஞ்சின் கடைசியில் இருக்கும் பெண்ணுக்கும் ஹெப்சிக்கும் நடுவில் ஒரே ஒரு பெஞ்சுதான். மாசிலாமணி அங்கே நின்று, வழக்கம்போல அவளைப் பார்க்காமல், தட்டைத் திருப்பிக்கொண்டு வருகிறார். மாதம் தவறாமல் இந்தத் திரும்பலைப் பார்த்துவிட்டேன். இன்றைக்காவது நானே ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய் அவள் கையில் வைத்தால் என்ன? விடியற்காலையிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், சட்டைப் பொத்தான் போடும்போதுகூட. வைத்தால் என்னாகும்? சபைச் சட்டம் என் ஒருத்தனுடையது அல்ல. இவர்கள் அத்தனை பேரும் என்னை நம்பி அந்தச் சட்டத்துக்குள் வந்தவர்கள், போகிற நாளில் நானே வேலியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போவது என்ன நியாயம். அதுகூடப் பரவாயில்லை. எல்லோருக்கும் முன்னால் அவள் கையில் துண்டை வைத்தால், அவள் வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் உட்கார்ந்திருப்பாள். மறுபடியும் அவளைக் கேட்காமலே அவளை வைத்து ஒரு காட்சி. அந்தத் தொட்டியில் பண்ணினது போதாதா? அப்புறம், கொடுப்பது என்றால் என்னிடம் ஏதோ இருக்கிறது, அவளிடம் இல்லை என்றுதானே. அது நிஜமா கருணாகரா? உன்னிடம் என்ன இருக்கிறது?

தட்டு வந்துவிட்டது. மாசிலாமணி குனிந்து என் முன்னால் நீட்டுகிறார். எனக்கான துண்டு இருக்கிறது, அவள் போட்ட கோட்டில் நேராகப் பிட்டது. நான் எடுக்க வேண்டும், எழுந்து நின்று சொல்ல வேண்டும். நூறு பேருக்குமேல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குனிந்திருக்கிறார்கள். ஐயா, என்கிறார் மாசிலாமணி மெதுவாக. கை போகவில்லை. பயமாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன், வெட்டரிவாளோடு நின்றவர்கள் நடுவில் போனபோதுகூட இப்படிப் பயந்ததில்லை. நாளை மறுநாள் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு அவள் அப்பாவின் சாயர்புரத்து வீட்டுக்குப் போகப்போகிறோம். அங்கே நாங்கள் இரண்டு பேர்தான். இதை இங்கே, நான் பேசின இடத்திலேயே வைத்துவிட்டுப் போகாவிட்டால் அங்கே ஒவ்வொரு நாளும் இலைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும். எனக்கு அவள் வேண்டும். போதகரின் சம்சாரமாக அல்ல, சாட்சிக்கு உதாரணமாக அல்ல, முதல் மாதத்தில் தோளில் முகம் வைத்து அம்மாவைப் பற்றிச் சொன்னாளே, அந்த ஹெப்சி வேண்டும். எழுந்துவிட்டேன். மாசிலாமணியின் கையைப் பிடித்துத் தட்டை மேஜைமேல் வைக்கச் சொல்லிவிட்டு, அங்கியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு நடைபாதையில் இறங்குகிறேன். குனிந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்கின்றன. இந்தப் பாதை இத்தனை நீளமா, அவள் ஈரத்தோடு இதில்தானே நடந்தாள்.

மடியிலிருந்த குழந்தையை அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எட்டாவது பெஞ்சு ஆடுகிறது, இத்தனை வருடத்தில் எனக்கு அது தெரியாது.

"என்னத்துக்கு இங்க வந்திய? மேலுக்கு முடியலையா?" என்றாள் பதறி. "எல்லாரும் கையில வச்சிக்கிட்டு இருக்காவ."

"நீ ஞானஸ்நானம் எடுத்தவதான் ஹெப்சி. அன்னைக்கு உங்க அப்பா கொடுத்தது ஞானஸ்நானம்தான். உங்க அம்மா பாத்ததும் அதைத்தான். நான் பேசினது தப்பு. பேசினதே தப்பு."

எனக்கு ரகசியம் பேச வராது. மைக் இல்லாத காலத்திலிருந்து பிரசங்கம் பண்ணின தொண்டை. சொன்னது கடைசி பெஞ்சிலிருந்து முன் பெஞ்சுவரை கேட்டிருக்கும். கேட்கட்டும், அன்றைக்கும் எல்லோருக்கும்தானே கேட்டது. அவர்களில் பலருக்கு நான் இப்போது என்ன சொல்லிவிட்டேன் என்று புரியும், மத்தியானம் கேள்வியோடு வருவார்கள், வரட்டும். நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுவாள் என்று நினைத்தேன், அல்லது கையைப் பிடிப்பாள் என்று. எனக்குள் இருந்த பிரசங்கிக்கு அப்படி ஏதாவது ஒன்று தேவைப்பட்டது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எங்க அப்பா இருக்கும்போது சொல்லிருக்கலாம்லா" என்றாள்.

"ஆமா" என்றேன். கண்ணில் நீர் வந்தது எனக்குத்தான். மாசிலாமணி மேஜையருகில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வரமாட்டேன், நீங்களே சொல்லுங்கள் என்று கையைக் காட்டினேன். அவர் வெகுநேரம் தயங்கினார். பிறகு புசியுங்கள் என்றார். எல்லோரும் புசித்தார்கள். ஹெப்சி குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, நான் நன்றாக உட்காரும்படி சற்றுத் தள்ளி இடம் விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் புசிக்காமல் உட்கார்ந்திருந்தோம்.